ஜேனின் லேப்டாப்

ஆலன் என்று ஒருவன் கோலார் தங்கவயலில் இருந்தான். என் தங்கை ஜேனின் புருஷன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவான், வீட்டுக்கு வந்து அவளை அடிப்பான். கிழிந்த உதட்டோடு அவள் மைசூருக்கு வந்து இறங்கிய அன்று நான்தான் மருந்து போட்டேன். நர்ஸ் வேலையில் எத்தனையோ காயம் பார்த்தவள், அன்றைக்கு மருந்துப் பஞ்சை இரண்டு தடவை கீழே போட்டேன்.

"இவ இனிமே இங்கதான் இருப்பா. நான் சோறு போடறேன்" என்று அப்பாவிடம் கத்தினேன். அப்பா குழந்தைசாமி, ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று என் குவார்ட்டர்ஸில் என்னோடு இருப்பவர்.

"சோத்துக்கா பிரச்சினை? கோயில்ல கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? புருஷன் வேணாம்னு வந்துட்டாள்னு சொல்லவா? ஒரு வேலைன்னு இருந்தா, வேலைக்காக இங்க இருக்காள்னு சொல்லிக்கலாம். இல்லேன்னா கல்லறைத் திருநாள் முடிஞ்சதும் ஆலன் வந்து கூட்டிட்டுப் போகட்டும். வாக்குக் குடுத்துட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலில் கேட்கிறவர்களா வந்து இவளுக்குப் பதிலாக அடி வாங்கப் போகிறார்கள்? ஆனால் அப்பாவிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று. ஜேன் மறுநாளே வேலை தேட ஆரம்பித்தாள்.

கிடைத்தும் விட்டது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்து அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வேண்டும். வெளிநாடு போன ஒரு டாக்டர் தன் பழைய லேப்டாப்பை என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தார். அதில் இருந்த விண்டோஸை அவர் பிள்ளைகள் எப்போதோ அழித்துவிட்டிருந்தார்கள். பிளாப்பி டிரைவ் தனியாக மாட்டும் வகை, அது எங்கே தொலைந்ததோ. பேட்டரியும் செத்துப்போயிருந்தது. ஆனால் கம்பெனியின் டைப்பிங் புரோகிராமுக்கு, விண்டோஸுக்கு முந்தின, எழுத்து மட்டுமே வரும் டாஸ் போதும், அது அழியாமல் இருந்தது. அந்தக் கறுப்புத் திரையில் ஜேன் விரல் ஓடும் வேகத்தைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது தொண்ணூற்றொன்பது அக்டோபர். வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். கம்பெனிக்காரர் லேப்டாப்பைச் சோதித்துவிட்டு, "இதுக்கு வருஷம் மாறத் தெரியலம்மா. பயாஸை மாத்திட்டு திங்கட்கிழமை கொண்டு வாங்க. இல்லேன்னா வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டார்.

மண்டி மொஹல்லாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பரத்திடம் ஓடினோம்.

"பயாஸ்னா என்ன இழவுப்பா அது?" என்று கேட்டேன்.

"மிஷின் முழிச்சதும் முதல்ல ஓடற புரோகிராம்க்கா. உள்ள ஒரு சின்ன சிப்புல இருக்கும். அத மாத்த ஒண்ணு விண்டோஸ் இருக்கணும், இல்ல பிளாப்பி இருக்கணும். ரெண்டும் இல்லாம வந்து நிக்கிறீங்களே!"

"இருந்தா உன் கடைக்கு நான் ஏன்டா வரேன்?"

சிரித்தான். ஆனாலும் மூளைக்காரன். லேப்டாப்பைத் திறந்து ஹார்ட் டிஸ்கை உருவி, தன் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினான். இன்டர்நெட்டில் இறக்கிய புது பயாஸை அதில் ஏற்றி, மறுபடியும் லேப்டாப்பில் பூட்டினான். இனி டாஸிலிருந்தே அதைச் சிப்பில் எழுதிவிடலாம்.

"ஒரே ஒரு பயம்தான்க்கா. எழுதறப்ப நடுவுல கரண்ட் போச்சுன்னா மிஷின் கதை முடிஞ்சுது. இந்தச் சந்துல கரண்ட நம்பவே முடியாது."

எங்கள் குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரி லைனில் இருந்தது, கரண்ட் போவது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரத் யுபிஎஸ் என்று, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு பேட்டரிப் பெட்டியையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தான். ஹாலில் டிவிக்குப் பக்கத்து பிளக்கில் யுபிஎஸ், அதிலிருந்து நீண்ட ஒயர் சமையலறை மேஜையில் இருந்த லேப்டாப்புக்கு. "லேப்டாப்ப மட்டும் யாரும் தொடாதீங்க" என்று அப்பாவிடமும் சொன்னான். அப்பா தலையாட்டிவிட்டு அறைக்குப் படுக்கப் போனார்.

ஜேன் சிலுவை போட்டுக்கொண்டாள். பரத் ஒரு விசையைத் தட்டினான். திரையில் வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்ப ஆரம்பித்தன.

அப்போதுதான் இடித்தது.

மைசூரில் அக்டோபர் மழை சொல்லிவிட்டா வருகிறது? போன வருஷம் இடி விழுந்து எங்கள் வரிசையில் பாதி வீட்டு டிவி புகைந்து போனது. அதிலிருந்து ஒரு இடி கேட்டால் போதும், வீட்டுக்கு வீடு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவார்கள். அப்பா அதில் முதல் ஆள்.

ஹாலில் யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது. நான் பரத்தின் தோளைப் பிடித்தேன்.

"ஏனூ ஆகல்ல அக்கா, பயப்படாதீங்க" என்றான் பரத், பதற்றத்தில் கன்னடம் கலந்து. "கரண்ட் போயிருக்கும். யுபிஎஸ் தாங்கும். முக்காவாசி ஆய்த்து."

ஆனால் தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அப்பா!" என்று அலறிக்கொண்டு எழுந்தேன். ஹாலில் கத்தல் நின்றது. திரையும் அணைந்தது.

அப்பா மூச்சிரைக்க வாசற்படியில் வந்து நின்றார். "நல்ல வேளை! எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். அந்தப் பெட்டி என்னமா கத்துது! அதையும் அணைச்சுட்டேன். லேப்டாப்ப நான் தொடவே இல்ல, ஆமா."

பரத் ஹாலுக்கு ஓடி எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு வந்து பொத்தானை அழுத்தினான். உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பு. மறுபடி அழுத்தினான். அதே கறுப்பு.

"கெட்டோய்த்து" என்றான் மெதுவாக. கெட்டுப்போய்விட்டதாம். சிப்பைக் கழற்றி வெளியே வைத்து எழுத வேண்டுமாம், அதற்கான கருவி இங்கே இல்லையாம், பெங்களூரில் கேட்டுப் பார்க்கலாமாம். திங்கட்கிழமைக்குள் நடக்கிற காரியமில்லை.

"என்னாச்சு?" என்று அப்பா கேட்டார்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு. ஜேன் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"மின்னல் தாக்கிடுச்சுப்பா" என்றாள்.

பரத் தலையைக் குனிந்துகொண்டு யுபிஎஸ் ஒயரைச் சுருட்டினான்.

அவன் போன பிறகு ஜேனைச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன். "பைத்தியமாடி நீ? உண்மையச் சொல்லியிருந்தா அந்த வெக்கத்துலயாவது உன்னை நிறுத்தி வச்சிருப்பாரு."

"நிறுத்த மாட்டாருக்கா. வாக்குக் குடுத்துட்டாரு. என்னையும் அனுப்பிட்டு, இதையும் நினைச்சு நினைச்சு செத்துப்போவாரு. எதுக்கு?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பாத்திரங்களைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. திங்கட்கிழமை அவள் வெறுங்கையோடு கம்பெனிக்குப் போய்க் கெஞ்சிவிட்டு வந்தாள். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் ஆலன் வெள்ளைச் சட்டையும் கையில் மைசூர்பாகுமாக வந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு லீவு இல்லை என்றார்கள், போங்கடா என்று விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பஸ் கிளம்பும் நேரம் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தவரை அப்பா அழுதது அன்றுதான்.

"இடிச்சதும் எழுந்து ஓடினேன்மா. முட்டி வலி, கால் வரல. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பிடுங்கியிருந்தா நீ இங்கயே இருந்திருப்ப. லேட் பண்ணிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். ஜேன் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

கம்பிக்குள்ளிருந்து அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லப்பா. நீங்க சீக்கிரமாத்தான் ஓடி வந்தீங்க" என்றாள்.

ஆலன் குறுக்கே கை நீட்டி ஜன்னலைச் சாத்தினான்.