அடித்தண்ணீர்

தண்ணீரில் உப்பு அளக்கும் அந்த வெள்ளை மீட்டரைத் தோவா முதலில் பார்த்தது, முகம் கழுவக் கால்வாய்ப் படியில் இறங்கியபோது. எதிர்க்கரையில் அவளுடைய கொழுந்தன் மனைவி கிம் குனிந்து, கழுத்துக் கயிற்றில் தொங்கிய அதைத் தண்ணீரில் விட்டு எடுத்து, "புள்ளி மூணுதான்! தாராளமா எடுத்துக்கலாம்" என்று கத்தினாள். உத்தரவு கிடைத்ததுபோல இரண்டு கரையிலும் ஆண்கள் மதகைத் திறக்கப் போனார்கள். தோவாவின் கணவனும்தான். பதினெட்டு வருஷமாக இதே கால்வாய்த் தண்ணீரை மொண்டு துரியன் நாற்றுகளை வளர்த்தவள் அவள். ஒருநாளும் அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. கிம் வந்து நாலு வருஷம் ஆகிறது.

பருவநிலை மாற்றம் பற்றிச் சனிக்கிழமை வகுப்பு நடக்கப்போகிறது என்று சொல்ல வந்த பெண்கள் சங்கத் தலைவி, "கிம் பன்னிரண்டாவது படிச்சவ, அவ போகட்டும்" என்று முடித்துவிட்டாள். தோவா ஐந்தாவதோடு நின்றவள். அன்று அவள் நறுக்கிய மீன் துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. அடுத்த சனிக்கிழமை, பெயர் கொடுக்காமலே போய் மண்டபத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். படிக்க வேண்டும் என்றா போனாள்? அப்படி என்னதான் கிம்முக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்கத்தான்.

ஆனால் மூன்றாவது வாரத்தில் அவள் வந்த காரணமே மறந்துபோனது. வகுப்பெடுத்த பெண் நகுயெத், கண்ணாடிக் குவளையில் நல்ல தண்ணீரை ஊற்றி, சிவப்புச் சாயம் கலந்த உப்புநீரை ஒரு குழாய் வழியாக மெல்ல இறக்கினாள். சிவப்பு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே தெளிவு. கடல்மட்டம் ஏறுகிறது, கோடையில் மேலிருந்து வரும் ஆற்றுநீர் குறைகிறது, அதனால் உப்பு இப்படி அடிவழியாக உள்ளே ஊர்ந்து வருகிறது என்றாள். உப்பு வருவது தன் தலையெழுத்து என்றுதான் தோவா இதுவரை நினைத்திருந்தாள். அதற்கு ஒரு வழி இருக்கிறது, நேரம் இருக்கிறது என்றால், நாமும் அதற்கு முன்னால் எழுந்து நிற்கலாமே! உள்ளே ஏதோ இலேசானது.

"அப்போ மேல் தண்ணிய மட்டும் அளந்தா பத்தாதே, டீச்சர்?" என்று அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"இதைத்தான் யாராவது கேப்பீங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன், அக்கா" என்று சிரித்த நகுயெத், அடித்தண்ணீர் எடுக்கும் விதத்தைக் காட்டினாள். கிம் அன்று வரவில்லை. மாவட்டப் பத்திரிகைக்கு அவளை மீட்டரோடு படம் எடுக்க அழைத்திருந்தார்கள்.

தெட் புத்தாண்டுப் பண்டிகை முடிந்த மூன்றாம் வாரம், இரண்டு நாள் கடல்காற்று விடாமல் அடித்தது. வரப்புக் குழிகள் வற்றி நாற்றுகள் துவண்டன. அன்று காலை கிம் படியோரத்தில் மீட்டரை நனைத்து, "புள்ளி நாலு!" என்றாள். தன் தோட்டத்து மதகை அவளே திறந்தாள். கடல்காற்று அடித்தால் அடியில் உப்பு ஏறும் என்று வகுப்பில் கேட்டிருந்த தோவா தன் மதகைத் திறக்கவில்லை. கணவன் கேட்டதற்கு, "மத்தியானம் பார்த்துக்கலாம்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். என்னைக் கேட்டார்களா? பத்திரிகையில் படம் வந்தவளுக்கு நான் என்ன சொல்வது? கிம் தோட்டத்து நாற்றிலைகள் நுனி கருகி, ஊரே அவள் மீட்டரைப் பார்த்துச் சிரிப்பது கண்ணில் வந்தது. இனித்தது. மீன்சட்டி கொதித்து வழிந்து தணலை அணைத்தபோதுதான், அந்த இனிப்போடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று திடுக்கிட்டாள்.

மூங்கில் பாலத்தில் ஓடினாள்.

"கிம்! மதகை மூடு! உப்பு அடியில வருது!"

கிம் இடுப்பில் கைவைத்து நின்றாள். "மீட்டர் என்கிட்டதானே இருக்கு? என் கழுத்துல தொங்குறது உங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்கா, அக்கா?"

"ஆமாடி, எரியுதுதான். எரியட்டும். நீ முதல்ல மதகை மூடு!"

தோவா ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி, மூடியில் தனிக் கயிறு போட்டு நடுக்கால்வாயில் இறக்கினாள். அடி தட்டியதும் மூடியைச் சுண்டி இழுத்தாள். மேலே வந்த தண்ணீரில் கிம் மீட்டரை வைத்தாள். இரண்டு புள்ளி ஆறு. ஒன்று தாண்டினாலே துரியன் தாங்காது. இருவருமாக மதகுப் பலகையை மிதித்து இறக்கினார்கள். அதற்குள் முதல் இரண்டு வரிசை நனைந்துவிட்டது. ஜாடியில் சேர்த்து வைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றி வேர்களைக் கழுவியபடி, "எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கிம் கேட்டாள். "காலையிலேயே" என்றாள் தோவா.

அந்த வாரமே கால்வாயோரம் எல்லா வீட்டிலும் பாட்டிலில் கல் கட்டினார்கள். ஊர் ஒலிபெருக்கி கிம்மின் பெயரைச் சொல்லிப் பாராட்டியது. கிம் திருத்தச் சொன்னாளா இல்லையா என்று தெரியவில்லை. தோவாவுக்கு மறுபடி எரிந்தது.

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நகுயெத் கரும்பலகையில் அடுத்த மாதத்துக் கடலேற்ற நாட்களை எழுதத் தொடங்கியபோது மண்டபம் நிறைந்திருந்தது. கிம் தாமதமாக வந்து, வாசலில் நின்று இடம் தேடினாள். முதல் பெஞ்சில் தோவாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. அதில் தோவாவின் ஓலைத் தொப்பி கிடந்தது. எடுப்பதா, அங்கேயே விடுவதா என்று முடிவாகாமல் அதன் கூம்பின் மேல் அவள் கை இருந்தது.