மெஷினுக்குப் போன ஊர்வலம்

என் புருஷன் சவுலின் கால் உடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை. காப்பி மூட்டை ஏற்றிய லாரி சரிவில் பின்னால் உருண்டு வந்து, அவரைச் சுவரோடு சேர்த்து முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் நல்ல மனிதர், எதையும் ஒளிக்கவில்லை.

"எலும்பு ரெண்டு இடத்துல போயிருக்கும்மா. பிளேட் வைக்கணும். எங்ககிட்ட ஸ்டாக் இல்ல. நீங்க வெளியில வாங்கிட்டு வந்துட்டா திங்கக்கிழமை முதல் ஆளா இவரைச் செஞ்சிடறேன். தள்ளிப் போட்டா எலும்பு அது இஷ்டத்துக்கு ஒட்டிக்கும். அப்புறம் என்னைக் கேட்காதீங்க."

பிளேட்டும் திருகாணிகளும் அறுநூறு டாலர். எங்கள் ஊர் எல் ஹீக்காரோவின் பஸ் நிறுத்தத்தில் புப்பூசா சுட்டு விற்கிறவள் நான். சோள மாவுக்குள் சீஸும் பயறும் வைத்துத் தட்டித் தட்டி என் கை தேய்ந்தாலும் திங்கட்கிழமைக்குள் அறுநூறு டாலர் வராது. எல் சால்வடோரில் இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் எதைச் செய்வார்களோ அதையே நானும் செய்தேன். அமெரிக்காவுக்குப் போன் போட்டேன்.

என் தங்கை யனீரா மேரிலாண்டில் வீடு வீடாகப் போய்த் துடைத்துப் பெருக்குகிறாள். போய்ப் பல வருஷமாகியும் அங்கே இருப்பதற்கான காகிதம் இன்னும் அவள் கையில் இல்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"பணம் இருக்குக்கா. எடுத்து வச்சிருக்கேன். அனுப்பறதுதான்..." என்று இழுத்தாள்.

"ஏன்டி, எப்பவும் அனுப்பற கடைதானே?"

"பெரிய தொகைன்னா இப்பல்லாம் ஆயிரம் கேள்வி கேக்கறான். போன மாசம் என் பாஸ்போர்ட்டை வாங்கிட்டு உள்ள போனவன் வெளிய வரவே இல்ல. யாருக்குப் போன் பண்றானோ, யார் வரப்போறாங்களோன்னு கதவையே பாத்துக்கிட்டு நின்னேன். இவ்வளவுக்கும் மேல அவனுக்குக் கமிஷன் வேற அழணும். உனக்கென்ன, கவுன்டர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிற. இங்க ஒவ்வொரு தடவையும் என் உசிரு போய் உசிரு வருது."

இதை அவள் இதற்குமுன் என்னிடம் சொன்னதேயில்லை. மாசாமாசம் வந்த பணத்துக்குப் பின்னால் இப்படி ஒரு நடுக்கம் இருந்தது எனக்குத் தெரியாமலே போயிற்று.

அன்று சாயங்காலமே கடையைத் திறந்திருந்தேன்; கை மாவில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கடையில் இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பிராட்லி. ஏதோ பிட்காயின் ஆப் நடத்துகிற அமெரிக்கக் கம்பெனியின் ஆள். பிட்காயினை டாலருக்குச் சமமாக வாங்க வேண்டும் என்று எங்கள் நாட்டில் சட்டம் வந்த வருஷம் அது. இவனைப் போன்றவர்கள் கேமராவும் கையுமாக ஊர் ஊராகச் சுற்றினார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் பணம் எடுக்கிற மெஷின் ஒன்றையும் இவன் கம்பெனி நிறுத்திவைத்திருந்தது. கூட இருந்தவள் இங்க்ரிட், தலைநகர் சான் சால்வடோர் பெண். அவன் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை அவனுக்கும் மொழிபெயர்ப்பது அவள் வேலை.

அவள் அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் கண் பளபளத்தது.

"அக்கா, இது ஒரு விஷயமே இல்ல," என்றாள் இங்க்ரிட். "உங்க தங்கச்சி வீட்டுல உக்காந்துக்கிட்டே அனுப்பலாம். கியூ கிடையாது, யாரும் காகிதம் கேக்கமாட்டாங்க, கமிஷன் கிடையாது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள உங்க போனுக்கு வந்துடும். ஒண்ணே ஒண்ணு, நாங்க அதைப் படம் பிடிச்சுக்கறோம்."

கமிஷன் இல்லை என்பதைக்கூட யனீரா காதில் வாங்கவில்லை. காகிதம் கேட்க மாட்டார்கள் என்ற ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. "அக்கா, போட்டுக்க! அந்த ஆப்பைப் போட்டுக்க!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

மறுநாள் காலையில் என் அடுப்புக்கு முன்னால் கேமராவை நிறுத்தினார்கள். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே யனீரா பொத்தானை அமுக்கினாள். சொன்னது சொன்னபடி, நான் மூச்சு விடுவதற்குள் மணி அடித்தது. அறுநூறு டாலர் மதிப்புக்குப் பிட்காயின். நான் பொய் சொல்லக் கூடாது, வந்தது.

முந்தின நாள் முழுக்க அழாதவள் அப்போது உடைந்துவிட்டேன். ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சவுல் கால் பிழைத்தது என்று அழுதேன். பிராட்லி என்னைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கை தட்டினார்கள்.

கை தட்டல் ஓய்ந்ததும் நகரத்துக்குப் பஸ் ஏறினேன். பிளேட் விற்கிற கடைக்காரர் என் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சட்டம் தெரியும்மா, வாங்கித்தான் ஆகணும். ஆனா பிட்காயின் வாங்கற என் மெஷின் வேலை செய்யலியே, நான் என்ன பண்ண?"

"எப்பலேருந்து வேலை செய்யல?"

"வாங்கின நாள்லேருந்தே. எனக்குச் சரக்கு அனுப்பறவன் டாலர்தான் கேக்கறான். இதை வச்சுக்கிட்டு நான் யார்கிட்ட போய் மாரடிக்க? காசா மாத்திட்டு வாங்க, தாராளமா குடுக்கறேன்."

ஊர் மெஷினுக்கு ஓடி வந்தேன். 'தற்போது பணம் இல்லை' என்று அழகான எழுத்தில் காட்டியது. திரும்ப நகரம். அங்கே வணிக வளாகத்தில் இருந்த மெஷினில் பணம் இருந்தது. ஆனால் இவ்வளவு தொகை எடுக்க வேண்டுமானால் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். இடது பக்கம் திருப்பு என்றது, திருப்பினேன். சிரி என்றது. என் நிலைமையில் அதையும் செய்தேன். அடையாள அட்டையில் இருப்பவளும் நானும் ஒரே ஆள்தானா என்று பரிசோதிக்கிறோம், பொறுத்திருங்கள் என்று வந்தது.

தங்கையிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை, சரி. அந்தக் கேள்வியைப் பொட்டலம் கட்டி என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

ஞாயிறு முழுக்கப் பொறுத்திருந்தேன். உதவிக்கு என்று போட்டிருந்த இடத்தில் எழுதினால் பதில் உடனே வந்தது. ஒரு மஞ்சள் சிரிப்பு மூஞ்சி, அதன்கீழே 'உங்கள் நேரத்தை மதிக்கிறோம்.' எத்தனை தடவை எழுதினாலும் அதே மூஞ்சி. இங்க்ரிட்டுக்குப் போன் செய்தேன். அவளும் பிராட்லியும் கடற்கரைப் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

"கேட்டுப் பாத்தேன் அக்கா," என்றாள், குரல் இறங்கியிருந்தது. "அவசரப்பட்டு எடுக்கவேணாம்னு சொல்லச் சொல்றார். இப்ப விலை கொஞ்சம் இறங்கியிருக்காம். வச்சிருந்தா ஏறுமாம்."

"என் புருஷன் காலையும் வச்சிருந்தா ஏறுமான்னு கேளும்மா," என்றேன்.

அவள் அதை மொழிபெயர்த்தாளா, தெரியாது.

திங்கட்கிழமை வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் ஆளாக வேறு யாரையோ தள்ளிக்கொண்டு போனார்கள். சவுல் என் கையைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

யனீராவிடம் சொன்னேன். அவள் வேலை செய்கிற வீட்டு அம்மாவிடம் இன்னொரு அறுநூறு கைமாற்று வாங்கிக்கொண்டு, எந்தக் கடைக்குப் பயந்து இத்தனையும் செய்தாளோ அதே கடைக்குப் போய் நின்றாள். பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். அவன் அன்றும் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனான். "கதவுப் பக்கம் நான் பாக்கவே இல்லக்கா. வந்தா வரட்டும்னு நின்னேன்," என்றாள். நான் இங்கே கையெழுத்துப் போட்டேன், நோட்டு நோட்டாகக் கையில் வைத்தார்கள். பிளேட் வாங்கினேன். ஆனால் ஆபரேஷனுக்கு அடுத்த இடம் அந்த வாரக் கடைசியில்தான் கிடைத்தது. அதற்குள் நசுங்கிய இடத்துப் புண் சீழ் பிடித்து, அது ஆறுவதற்காக இன்னும் தள்ளிப்போயிற்று.

சவுல் இப்போது நடக்கிறார். ஒரு கால் குட்டை. மூட்டை தூக்க முடியாது.

ஆப்பில் கிடந்த பணம்? நான் நான்தான் என்று அவர்கள் ஒருவழியாக ஒப்புக்கொண்டபோது அதன் மதிப்பு கரைந்துபோயிருந்தது. மெஷினும் தன் பங்குக்குக் கடித்துக்கொண்டது. நானூற்றுச் சொச்சம் கைக்கு வந்தது. கமிஷன் கிடையாது என்றார்களே, யனீரா பணம் அனுப்புகிற கடைக்காரன் பாவம், ஒரு வருஷத்துக்கு வாங்கியிருந்தாலும் இவ்வளவு வாங்கியிருக்க மாட்டான்.

இத்தோடு போயிருந்தால் என் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். ஒரு நாள் யனீரா போன் செய்தாள். அவள் எஜமானியம்மா யாரோ அனுப்பிய படத்தைக் காட்டி, "இது உன் அக்கா ஊராச்சே! எவ்வளவு அழகா இருக்கு பார்!" என்றாளாம். படத்தில் நான். என் அழுகை. பின்னால் வயலின். 'ஓர் ஏழைப் பெண் விடுதலையடைந்த கணம்' என்று கீழே எழுத்து. பல லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம்.

"அவங்க வீட்டுக் கடனை இன்னும் நான் அடைக்கலக்கா," என்றாள் யனீரா. "அவங்களே அதைக் காட்டி என்கிட்ட பூரிச்சுப் போறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் பிராட்லி திரும்ப வந்தான். எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் திரை கட்டி, அந்தப் படத்தை ஊருக்கே போட்டுக்காட்டி, இலவசமாக பீரும் கொடுப்பதாக ஏற்பாடு. வெளிநாட்டுக்காரர்கள் சிலர் கேமராவோடு முன்வரிசையில் இருந்தார்கள். என் முகம் திரையில் சர்ச் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தபோது நான் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டேன். வெளிச்சம் என் மேலேயே விழுந்தது.

"இங்க்ரிட், நான் சொல்றதை அப்படியே அவன்கிட்ட சொல்லணும். ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. இந்தப் பொம்பள எதுக்கு அழுதான்னு இவனுக்குத் தெரியுமா? புருஷன் கால் பிழைச்சுதுன்னு அழுதா. பிழைக்கல. அந்தப் பிளேட்டு இவன் ஆப்ல வந்த காசுல வரல. என் மூஞ்சியை இதுலேருந்து எடுக்கச் சொல்லு."

இங்க்ரிட் சொன்னாள். பிராட்லி கோபப்படவேயில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டான். ஆப்பைப் போட்டபோது நான் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அமுக்கியிருக்கிறேனாம். ஆரம்பத்தில் சின்னச் சின்ன இடைஞ்சல் இருக்கத்தான் செய்யுமாம். இப்போது எல்லாம் சரியாகிவிட்டதாம். வேண்டுமானால் இந்த நிமிஷமே என் போனுக்கு ஐந்நூறு அனுப்புகிறானாம்.

"அனுப்பறது உனக்கு வரும்யா! அதைத்தான் நீ நல்லாப் பண்றியே!" என்று கத்தினேன். "அம்பதே அம்பது டாலர் காசா எடுத்துக் காட்டு. அதோ உன் மெஷின். வா."

ஊர் ஜனம் எழுந்துவிட்டது. மறுத்தால் அசிங்கம் என்று அவனுக்கும் தெரிந்தது, சிரித்துக்கொண்டே நடந்தான். பின்னால் நாங்கள் எல்லாரும், பீர் குடித்தவர்கள், குடிக்காதவர்கள், கட்டையை ஊன்றிக்கொண்டு சவுலும். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் அவன் போனைக் காட்டினான், எண்ணை அமுக்கினான்.

'தற்போது பணம் இல்லை.'

யாரோ ஒருவர் சீட்டி அடித்தார். பிராட்லி தோளைக் குலுக்கி ஏதோ சொன்னான்.

"சீக்கிரம் நிரப்பிடுவாங்களாம்," என்றாள் இங்க்ரிட். அப்புறம் அவன் பக்கம் திரும்பாமல், அதே குரலில், எங்கள் மொழியில் சொன்னாள்: "நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து எல்லா ஊர்லயும் இதையேதான் சொல்றார். எனக்கும் மூணு மாசச் சம்பளத்தை ஆப்லதான் போட்டிருக்கார். நானும் எடுக்க முடியாமத்தான் சுத்தறேன்."

அவள் தன்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்து அவன் தலையாட்டினான். ஊர் சிரித்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து யனீரா கேட்டாள். "அக்கா, உங்க ஊரே அந்த மெஷினுக்கு ஊர்வலம் போச்சாமே?"

புதுப் படம். பிராட்லி முன்னால் நடக்கிறான், பின்னால் ஊர் ஜனம், நான் முஷ்டியை உயர்த்திக்கொண்டு. பேச்சு எதுவும் கேட்கவில்லை, பாட்டுதான். மெஷின் திரையைக் காட்டவேயில்லை. 'ஒரு கிராமம் எழுந்துவிட்டது' என்று எழுத்து. இங்க்ரிட் அந்த வேலையை விட்டுவிட்டாள். படத்தை எடுக்கச் சொல்லி எனக்காக அவள் எழுதிய கடிதத்துக்கும் அந்த மஞ்சள் மூஞ்சிதான் வந்தது.

"உன் கோபம் நியாயம்தான்," என்றாள் யனீரா. "ஆனா சொல்றேன்க்கா, அது உன் கையில காசா விழும்னா நாளைக்கே நான் அதுலதான் அனுப்புவேன். இந்தக் கதவைப் பாத்துக்கிட்டு நிக்கற பொழப்பு எனக்கு வேணாம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த ஒரு நிமிஷ மணிச் சத்தத்தை நானும் கேட்டவள்தானே. பிராட்லி அவள் பயத்தைக் காட்டி ஆசைப்படுத்தி, என் அழுகையைக் காட்டி வியாபாரம் செய்தானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வாரம் ஒரு வெளிநாட்டு ஜோடி என் கடைக்கு வந்தது. படத்தில் பார்த்தோம், உங்களோடு ஒரு போட்டோ என்று சைகை காட்டினார்கள். நான் நான்கு புப்பூசா சுட்டு, முட்டைக்கோஸ் ஊறுகாய் வைத்து, தட்டை அவர்கள் முன்னால் வைத்தேன். அந்தப் பெண் போனை எடுத்து, ஆப்பில் தருகிறேன் என்று காட்டினாள்.

"டாலர்," என்றேன்.

டாலர் இல்லை என்று சிரித்தாள்.

தட்டைத் திரும்ப எடுத்து, பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர் முன்னால் வைத்தேன். "சாப்பிடுங்க அண்ணே, சூடா இருக்கு."