அறுந்த செம்புக் கம்பி

எனக்கும் என் அத்தை மகன் ஆத்மநாதனுக்கும் கல்யாணம் நடக்கவிருந்த வாரத்தில், அவர் ஆவுடையார்கோவிலில் எங்கள் வீட்டுக்கு மேலே சண்டை விமானத்தில் தாழப் பறந்து போனார். யுத்த காலம் அது. ஊரே தெருவுக்கு ஓடிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. சத்தத்தில் மிரண்ட ஆடு வடகத்தை மிதித்துக்கொண்டு ஓட, நான் ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

விமானத்தில் பூஸ்ட் என்று ஒன்று உண்டு. இன்ஜினுக்குள் காற்றை எவ்வளவு அழுத்தித் திணிக்கிறோம் என்பதை ஒரு முள் காட்டும். அதற்கு ஓர் அளவு இருக்கிறது. எதிரி துரத்தினால் மட்டும் ஒரு குமிழை இழுத்து அளவைத் தாண்டலாம். ஆசைக்கு இழுத்துவிடக் கூடாது என்று குமிழின் குறுக்கே மெல்லிய செம்புக் கம்பி கட்டியிருப்பார்கள். ஆவுடையார்கோவில் வானத்தில் எங்கள் அத்தானை எந்த எதிரி துரத்தினானோ, அவர் இறங்கியபோது கம்பி அறுந்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தவன் அவருடைய விமானத் தளத்திலேயே இன்ஜின் பழுது பார்க்கும் ஃபிட்டராக இருந்த என் அண்ணன் ரெங்கராஜ். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். கண்ணாடி போட்டதால் அண்ணன் தரையோடு நின்றுவிட்டான். கம்பி அறுந்தால் இன்ஜினைச் சோதிக்காமல் விமானம் மேலே போகக் கூடாது. வேறு ஆளும் இல்லை. வேலை முடியாமல் அண்ணனுக்கு லீவு கிடையாது. அவன் இல்லாமல் எனக்குக் கல்யாணம் கிடையாது. மணமேடையில் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போடுவது உடன்பிறந்தவன்தான், எனக்கு இருப்பது அவன் ஒருவன்.

மாப்பிள்ளைக்கு மட்டும் லீவு உண்டு. வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"நான் பறந்தத பாத்தியா, சொர்ணம்?"

"ஆடு பாத்துச்சு. அண்ணன் எங்க?"

விஷயத்தைச் சொன்னார். "புதுசா ஒரு கம்பியக் கட்டிட்டு வா மச்சான்னேன். அடுத்தாப்ல அதுல ஏறுறவனுக்கும் ஒரு அத்த மக இருப்பாள்லங்குறான்."

"சரியாத்தான சொல்லியிருக்கான். நீங்க அங்கிட்டுப் போயி அவனோட வேலையப் பாருங்க அத்தான். வந்தா ரெண்டு பேரும் வாங்க. இல்லாட்டி நீங்களும் வர வேணாம்."

"முகூர்த்தத்துக்கு நேரமாயிருமே?"

"பறக்கத் தெரிஞ்சவருக்கு நேரத்துக்கு வரத் தெரியாதாக்கும்."

அவர் முகம் போன போக்கைக் கதவிடுக்கில் பார்த்துச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகுதான் பயம் வந்தது. நிஜமாகவே வராமல் போய்விட்டால்? வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது.

கல்யாணத்தன்று காலையில் ஒரு ராணுவ லாரியில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஆபீசர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, முந்தின நாள் முழுக்க மாப்பிள்ளையும் இன்ஜினோடு மல்லுக்கட்டினாராம். ஆயில் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே இரும்புத் துகள் மின்னியதாம். இன்னொரு தடவை மேலே போயிருந்தால் இன்ஜின் நடு வானத்தில் நின்றிருக்கும். அவரே போய் மேலதிகாரியிடம் தப்பை ஒப்புக்கொண்டதில், இனி கொஞ்ச காலம் அவருக்கும் தரைதான்.

"அந்தத் துகளப் பாத்ததுலருந்து ஒன் மாப்பிள ஸ்பானரக் கீழயே வைக்கல" என்றான் அண்ணன்.

மேடையில் பொரி போடும்போது என் கைக்குக் கீழே அவர் தன் கையை ஏந்தினார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"கையக் கழுவலையா?" என்று முணுமுணுத்தேன்.

"மண்ணெண்ணெ போட்டுத் தேச்சும் போகல" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்கு அந்தக் கையை விட மனசே வரவில்லை. பொரியைத் தீயில் போடச் சொல்லி அண்ணன் இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது.