பூசை போட்ட பாட்டில்

சிவப்புப் பாட்டில் முருங்கை மரத்தில் தொங்க ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஒன்பது நாளும் அறிவுச்செல்வி வாயைத் திறக்கவில்லை.

அவளுடைய மாமனார் செங்கோடன் முப்பது வருடம் ரிக் வண்டி ஓட்டி, ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போனபோது, இப்படியொரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க ஹம்மிங்பேர்டு என்ற குட்டிக் குருவி வந்ததைப் பார்த்து மயங்கிப்போனார். திரும்பும்போது பெட்டியில் ஒரு பாட்டில். போர் போடும் இடத்துக்குச் செய்வதுபோலவே அதற்கும் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து மாட்டினார். கூடவே தொழில் கட்டுப்பாடும் வந்தது: பூசை போட்ட இடத்தில், வேலை முடியும்வரை யாரும் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. உப்பு தீர்ந்தபோது மாமியார் மயிலம்மாள், “உப்பு நெறஞ்சு போச்சுங்க” என்றாள்.

மருமகள் விலங்கியல் படித்தவள். சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். அந்த ஒரு சொல் இல்லாமல் அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

குருவிக்குப் பதில் எறும்பு வந்தது. செங்கோடன் கொக்கியில் கிரீஸ் தடவினார். எறும்பும் நின்றது. தண்ணீர் வராவிட்டால் இன்னும் நூறு அடி இறக்குகிறவர் அவர். சர்க்கரையை இரண்டு மடங்காக்கினார்.

பத்தாம் நாள் காலையில், மரம் வெட்டும் காளியப்பன் அரிவாளோடு வந்தார்.

“மேல இருந்து பாத்தா பாட்டிலு தெரியோணும். பாட்டில் தொங்குற கொப்ப உட்டுட்டு மிச்சத்தக் கழிச்சுப்போடு,” என்றார் செங்கோடன்.

“ஏனுங்க, குருவி ஏரோப்ளேன்லயா வருது?”

“வெட்டுப்பா. ஆயிரம் அடியில தண்ணி காமிச்சவன் நானு.”

அதே மரத்தின் இன்னொரு தாழ்ந்த கொப்பில், அழுக்குப் பஞ்சுப் பொட்டலம் போல ஒரு தேன்சிட்டுக் கூடு தொங்கியது. உள்ளே இரண்டு குஞ்சுகள். துணி காயப்போடும் சாக்கில் அறிவுச்செல்வி தினமும் அதைப் பார்ப்பாள். காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்ட நாளும் உண்டு.

“மாமா, அதுல தேன்சிட்டுக் கூடு இருக்குதுங்க.”

“அது நம்மூருச் சிட்டு சாமி, வேற மரத்துல கட்டிக்கும். வெளியூருல இருந்து வாரதுக்கு வழி உடோணுமல்லோ?”

“குஞ்சுக்கு இன்னும் பறக்கத் தெரியாதுங்க.”

“காளியப்பா, நீ வெட்டு.”

காளியப்பன் அந்தக் கொப்பைத்தான் முதலில் பிடித்தார். தாய்ச்சிட்டு அவர் தலையைச் சுற்றிக் கத்தியது. மயிலம்மாள் மருமகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அரிவாள் உயர்ந்தது.

“இல்லீங்க மாமா!” தன் குரல் இவ்வளவு பெரியது என்று அறிவுச்செல்விக்கே அதுவரை தெரியாது. “வராதுங்க! அமெரிக்காப் பக்கத்த உட்டா ஹம்மிங்பேர்டு வேற எங்கயுமே இல்லீங்க!”