இருநூறு அடியில் வாய் திறந்தவள்

கிட்ட வாங்கோ பிள்ளையள், இன்னும் கிட்ட. காத்து இரைகிறது, என் குரல் அவ்வளவு எட்டாது. பெரியவருக்கு எதிராய் வாய் திறந்த ஒருத்தியின் கதை சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு அவளைத் திட்டுவதென்றால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கோ.

நெடுந்தீவுக் கிருசாந்தி விமானம் ஓட்டப் படித்தவள். லைசென்சும் எடுத்தாயிற்று. ஆனால் கம்பனியில் வேலை கிடைக்க நேர்முகமும் சிமுலேற்றர் சோதனையும் இருக்கின்றன. சிமுலேற்றர் என்றால், நிலத்தில் நின்றபடியே பறப்பதுபோல ஆடும் விமான அறை. முதல்தரம் அதில்தான் தோற்றாள். இருநூறு அடிக்கு இறங்கியும் ஓடுபாதை தெரியாவிட்டால் திரும்ப மேலே எழும்பவேணும், அது சட்டம். பக்கத்தில் இருந்த மூத்த கப்டன், சோதிப்பதற்காகவே, எழும்பாமல் இறங்கினார். இவள் கண்டாள். "சேர், இன்னும் தெரியேல்லைப் போல..." என்று முணுமுணுத்தாள். அடுத்த கணம் விமானம் நிலத்தில் மோதியதாய்த் திரை முழுக்கச் சிவந்து நின்றது.

"கண்டனீர், ஆனால் சொல்லேல்லை," என்றார் கப்டன். "ஆறு மாதத்தாலை வாரும். அதுதான் கடைசித்தரம்."

வீட்டுக்கு வந்து அலுமாரிக் கதவில் வெண்கட்டியால், சோக்கால், விமானத்தின் உயரமும் வேகமும் காட்டும் மானிகளைக் கீறினாள். முன்னால் இரண்டு கதிரை. கப்டனாய் இருக்க வந்தவர் பெரியப்பா சிவகுரு, இளைப்பாறிய அதிபர். தீவில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"பெரியப்பா, கொஞ்சம்..."

"கொஞ்சமோ? என்னடி, கறிக்கு உப்போ கேக்கிறாய்? கத்து!"

அவளுக்கு ஏலவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் கத்த எடுத்த குரலும் 'கொஞ்சம்' ஆகிவிடும். ஆறு மாதமும் இரண்டு பேரும் அலுமாரியில் மோதி மோதிச் செத்ததுதான் மிச்சம்.

சோதனைக்குக் கொழும்பு போகிற நாளும் வந்தது. வழியனுப்பப் பெரியப்பாவும் கூட வந்து படகில் ஏறினார். படகு நிறைய ஆக்கள். ஓட்டி சவிரிமுத்து கயிற்றை அவிழ்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேர், காத்து கூட. பத்துப் பேர் எண்டாலும் இறங்கினால்..."

"பிள்ளைக்கு நாளைக்குக் காலமை சோதனை. கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கவேணும். நான் சொல்லுறன், எடடா!"

சவிரிமுத்தும் அவரிடம் படித்தவன். கயிற்றில் கைவைத்தான்.

கிருசாந்தி எழும்பினாள். "எடுக்கவேண்டாம், சவிரிமுத்து அண்ணை."

"இரடி கீழை!"

"எடுக்கவேண்டாம் எண்டு சொல்லுறன்!" துறைமுகம் முழுக்கக் கேட்டது.

"உனக்காகத்தானேடி..."

"எனக்காக ஒருதரும் கடலிலை தாழவேண்டாம், பெரியப்பா."

பையைத் தூக்கிக்கொண்டு அவளே முதலில் இறங்கினாள். பின்னால் எட்டுப் பேர் இறங்கினார்கள். பத்தாவதாய் இறங்கிய பெரியப்பா அவளைத் திரும்பியும் பாராமல் வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த படகு அவளை அக்கரையில், குறிகட்டுவான் துறையில் இறக்கும்போது பஸ்ஸுக்கு நேரம் தப்பிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கொழும்புக்கு வெங்காய மூட்டை ஏற்றிப்போன சரக்கு வான் ஒன்றைப் பிடித்து, சோதனைக்குக் கால் மணித்தியாலம் இருக்க, கசங்கிய சட்டையோடு போய் நின்றாள்.

நேர்முகத்தில் அதே கப்டன். "போனமுறைக்கும் இந்தமுறைக்கும் என்ன வித்தியாசம்?"

"என்ரை பெரியப்பா இப்ப என்னோடை கதைக்கிறேல்லை, சேர்."

அவர் புருவத்தை உயர்த்தினார்.

பிறகு சிமுலேற்றர். இருநூறு அடி. வெளியே வெறும் முகில்.

"எழும்புங்கோ!"

அவர் இறங்கினார்.

"எழும்புங்கோ! இல்லையோ, சரி, இனி என்ரை கையிலை!" பிடியை வாங்கி இழுத்தாள். விமானம் மூக்கை நிமிர்த்தி எழும்பியது.

கப்டன் காதைத் தடவிக்கொண்டார். "எனக்குக் காது கேக்கும், பிள்ளை."

"போனமுறை கேக்கேல்லை, சேர்."

வேலை கிடைத்தது.

ஊருக்கு வந்தபோது அலுமாரிக் கதவில் வெண்கட்டிக் கீறல் அப்படியே இருந்தது. துடைக்கப் போனவர்களைப் பெரியப்பா விடவில்லையாம். கதிரையில் இருந்தபடி கேட்டார்: "மன்னிப்புக் கேக்க வந்தனியோ?"

"இல்லை, பெரியப்பா."

பக்கத்துக் கதிரையை அவள் பக்கம் தள்ளினார். "சரி. சாப்பிட்டனியோ?"

போயிட்டு வாங்கோ பிள்ளையள். உங்கள் வீட்டில் பிழையைக் கண்டால் வாய் திறக்கிற பிள்ளைகள் பிறக்கட்டும். அதைக் கேட்டும் சோறு போடுகிற பெரியவர்கள் இருக்கட்டும். உங்கள் கிணறு உவர்க்காமல் இருக்கட்டும். உங்கள் வாசல் தாண்டிப் போனவர்கள், கடலாலும் சரி, வானத்தாலும் சரி, எல்லாரும் கரை சேரட்டும்.