முதுகில் ஒட்டிய சீட்டு

சின்னவள் ஜிம்மில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத ஆள் அங்கே கிடையாது. பெரியவள் அதே ஜிம்மில் ஐந்து வருடமாக டம்பெல் அடுக்கி, பாய் துடைத்து, வருகிற பெண்களுக்குக் குனிய நிமிரச் சொல்லிக் கொடுக்கிறவள். கொழுந்தன் பெண்டாட்டி வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று சேர்த்துவிட்டதே அவள்தான். இப்போது எல்லோரும் "சின்ன மேடம் வரலையா?" என்று அவளிடமே கேட்கிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த லட்சணத்தில் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். "காலை லேடீஸ் பேட்ச்சுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர்தான் போடப்போறேன். சர்டிஃபிகேட் தியரி பரீட்சை எழுதுங்க. பாஸ் பண்றவங்களுக்கு பேட்ச். ரெண்டு பேரும் பாஸுன்னா, மார்க்கு கூட வாங்கறவங்களுக்கு."

வீட்டில் ஒரே புத்தகம், ஒரே மேஜை. நாடித்துடிப்புக் கணக்கு, மூச்சு, சத்துணவு எல்லாம் சின்னவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தசைகளின் பெயர்தான் மண்டையில் ஏறவில்லை. அதற்குப் பெரியவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒட்டும் சீட்டில் பெயரை எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு படிப்பது. கைக்கும் தொடைக்கும் தானே ஒட்டிக்கொள்ளலாம். முதுகுக்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும்.

சின்னவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மாமியார் வந்தாள். "சின்னவ ஒரு தடவ புரட்டினாலே ஒப்பிச்சிடறா. நீ இன்னும் முதல் பாடத்தையே உருட்டிக்கிட்டிருக்க" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவள் கையில் இரண்டு சீட்டு இருந்தது. ராம்பாய்டு, தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே. டெரஸ், அக்குளுக்குப் பின்பக்கம். அவள் இடம் மாற்றி ஒட்டினாள். விரலால் அழுத்தி அழுத்திக் கேட்டாள்.

"நடுவுல இருக்கறது என்னன்னு சொன்னேன்?"

"டெரஸ்."

"இந்த ஓரத்துல?"

"ராம்பாய்டுக்கா."

"சபாஷ்!"

ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது.

பரீட்சை ஹாலில் பார்க்க வேண்டுமே! ஆளாளுக்குத் தொடையைத் தடவுவதும் தோளை அமுக்குவதுமாக இருந்தார்கள். முன்வரிசையில் சின்னவள் கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பெரியவள் தன் கம்ப்யூட்டர் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் சின்னவள் சொன்னாள்: "அக்கா, முதுகுப் படத்துல ரெண்டு கேள்வி வந்துச்சுல்ல? நீங்க ஒட்டின மாதிரியே போட்டுட்டேன்."

"புத்தகத்துல பாத்துக்கிட்டியா?"

"பாத்தேன். அதுல மாத்திப் போட்டிருந்தான். அச்சுத் தப்புன்னு விட்டுட்டேன். நீங்க தப்பாவா ஒட்டுவீங்க?"

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்கும் வரை ஜன்னலையே பார்த்தாள்.

பத்தாம் நாள் ரிசல்ட் போனுக்கு வந்தது. பாஸுக்கு எழுபது வேண்டும். சின்னவளுக்கு அறுபத்தெட்டு. பெரியவளுக்கு எண்பத்தொன்று. சின்னவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"எப்படிடி கோட்டை விட்ட?" என்றாள் மாமியார்.

"அந்த ரெண்டு கேள்விதான் அத்தை. புத்தகம்தான் சரி போல. பாவம், அக்காவுக்கும் அந்த ரெண்டு மார்க்கு போயிருக்கும். காட்டுங்கக்கா."

பாடவாரியாக மார்க் போட்டிருந்ததைப் பெரியவள் காலையிலேயே பார்த்துவிட்டாள். பார்த்தபோது எத்தனை சந்தோஷம்! இப்போது தசைப் பாடத்தில் ஒரே ஒரு மார்க்காவது குறைந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. "அப்புறம் பாக்கலாம்" என்று முனகினாள். அதற்குள் சின்னவள் போனை வாங்கிக்கொண்டு, தானே பாஸான மாதிரி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"சத்துணவு பதினஞ்சு. மூச்சும் இதயமும் பதினாலு. தசையும் எலும்பும், இருபதுக்கு..."

நிறுத்திவிட்டாள். அவள் கை பின்னால் வளைந்து முதுகின் நடுவே போய் நின்றது.

"எவ்வளவுடி? எனக்குக் கேக்கல" என்றாள் மாமியார்.

சின்னவள் போனைப் பெரியவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்காவே படிப்பாங்க அத்தை."