கவர்னர் கட்டிப்பிடித்த முப்பது நொடி

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை காலை, அமெரிக்க மலையூரான ஹாலர்ஸ் ஃபோர்க்கின் தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசைகளைப் போட்டிருந்தார்கள். வருடாந்தரப் பான்கேக் விருந்து. வேட்பாளர்கள் வரலாம், ஏப்ரன் கட்டிக்கொண்டு பரிமாறலாம். உள்ளே அரசியல் பேசக் கூடாது. எந்தக் கட்சிக்காரரும் இதுவரை அந்த விதியை மீறியதில்லை.

மாநிலக் கவர்னராக இருந்துகொண்டே இரண்டாவது முறையாக அதே பதவிக்கு நிற்கும் ராய்ஸ் ஹால்டேன் எட்டரைக்கு வந்து, ஏப்ரன் கட்டிக்கொண்டு பான்கேக் கல்லுக்குப் பின்னால் நின்றார்.

டிரீமா ஸ்டிடம் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். ஆறு வாரமாக அரை மணிக்கொரு தரம், அவருடைய தேர்தல் விளம்பரத்தில், அவள் தொலைக்காட்சியில் அழுகிறாள். வெள்ளச் சேற்றில் நின்று ஹால்டேன் அவளைக் கட்டிப்பிடிக்கிறார். 'நமக்காக வந்து நின்றவர்' என்று எழுத்து ஓடுகிறது. அவள் அழுதது, அதைப் படம் பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு இறந்த கணவன் வெர்லினுக்காக. அவனுக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்ஸ் மலையைச் சுற்றிக்கொண்டு வர ஐம்பது நிமிடம் ஆனது. நேர்வழியில் இருந்த பாலத்தைச் செப்பனிடும் நிதியை வெட்டியவர் இதே ஹால்டேன்.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி ஒன்பது முறை பிரசார அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, மேடம்" என்றார்கள். வெள்ளத்தின்போது குடிதண்ணீர் வாங்க நின்ற வரிசையில் ஒரு தாளை நீட்டியிருந்தார்கள். நிவாரணத் தாள் என்று நினைத்துப் போட்டாள். எல்லோரும்தான் போட்டார்கள்.

நிலையத் தலைவன் டெல்பர்ட், வெர்லினின் அண்ணன், அவள் பக்கத்தில் வந்தான்.

"டிரீமா, இன்னிக்கு வேண்டாம். நம்ம நிலையத்துக்குப் புதுத் தண்ணி லாரி தர்றேன்னு ஹால்டேன் சொல்லியிருக்கான்."

"செத்தது உன் தம்பி."

"தெரியும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. இங்க பேச்சு கூடாது."

"பேச வரல. சாப்பிட வந்தேன்."

வரிசையில் முன்னால் நின்ற ஓக்கி ராட்லிஃப் திரும்பினான். "டிவி ஸ்டாரெல்லாம் வரிசையில நிக்கலாமா?"

"வாயை மூடிட்டு நகரு, ஓக்கி."

அவள் முறை வந்தது. "எத்தனை வேணும்மா? ரெண்டா, மூணா?" என்றார் ஹால்டேன். முகத்தில் அடையாளம் கண்ட சுவடே இல்லை.

"என்னைத் தெரியலையா?"

"தெரியாம என்ன! குழந்தைங்கல்லாம் சௌக்கியமா?"

அவளுக்குக் குழந்தைகள் இல்லை.

அந்நேரம் ஒரு பிரசாரப் பெண் தாள் செருகிய அட்டையை நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து, மேடம். கேமரா இருக்கறதால, சும்மா ஒரு சம்பிரதாயம்."

வரிசையில் முன்னால் போனவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. டிரீமா அட்டையை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"'என் உருவத்தையும் குரலையும் எங்கும், எக்காலத்திலும், என்னைக் கேட்காமலே பயன்படுத்த இதனால் சம்மதிக்கிறேன்.'"

"மேடம், உள்ளே அரசியல் பேசக் கூடாது" என்றாள் அந்தப் பெண்.

"நான் எங்க பேசறேன்? உங்க தாளைத்தான் வாசிக்கறேன்." மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் உரக்க வாசித்தாள்.

ஓக்கி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "அந்தப் பேனாவைக் குடு. என் பேரை அடிக்கணும்." அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

ஹால்டேன் கல்லுக்கு மேலாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை முடியட்டும்மா. கண்டிப்பா எடுத்துடறோம்."

"செவ்வாய்க்கிழமை தேர்தல். அதுக்கப்புறம் அது எதுக்கய்யா ஓடப்போகுது?"

டெல்பர்ட் இதைக் கேட்டான். கல்லருகே வந்தான். பிறகு குனிந்து கேஸை அடைத்தான். கல்லில் பாதி வெந்த மாவு அப்படியே நின்றது.

"கவர்னர், போன் போடுங்க. இப்பவே, எங்க முன்னாடி."

"லாரி விஷயம் இருக்கில்ல டெல்பர்ட்…"

"போனைப் போடுய்யா!"

ஹால்டேன் போன் செய்தார். மறுநாள் மதியம் விளம்பரம் நின்றது. அதே நேரத்துக்கு வேறொன்று வந்தது: ஏதோ ஊர்ப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், ஹால்டேனின் தோளில் முகம் புதைத்து ஒரு கிழவர் அழுதார்.

டிரீமா டெல்பர்ட்டைப் போனில் கூப்பிட்டாள். "டிவியைப் போடு. அந்த ஆள் யாரு, எந்த ஊருன்னு விசாரி. நாளைக்குள்ள எனக்கு அவர் நம்பர் வேணும்."